எண்ணெய்க் காப்பு: கேள்வி-பதில்

கேள்வி: புல்லட் என்ஜினைப் பிரித்துப் பூட்டும்போது, எங்கள் மெக்கானிக் ஒவ்வோர் உறுப்புக்கும் அபிஷேகம் செய்வதுபோல் எண்ணெய் பூசுகிறார். வண்டி ஓடத் தொடங்கினால் ஆயில் பம்ப் தானே கொண்டுபோய்ச் சேர்க்காதா? (முத்தியால்பேட்டை வாசகர்)

பதில்: சேர்க்கும், ஆனால் பம்ப் சுழல வேண்டுமாயின் முதலில் என்ஜின் சுழன்றாக வேண்டும் என்பதும், எண்ணெய் எல்லா உறுப்புகளையும் எட்டும் வரையிலான சில விநாடிகளில் உலோகமும் உலோகமும் நேருக்கு நேர் உராய்ந்துகொள்ளும் என்பதும் தங்கள் மெக்கானிக்குக்குத் தெரிந்திருக்கின்றன. இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்னும் பொறியாளர் ரயில் அச்சின் பேரிங்கைச் சோதித்து 1883-இல் ஓர் அறிக்கை வெளியிட்டார். பேரிங்கின் தலையில் துளையிட்டு அதை மரக்கட்டையால் அடைத்துவைத்தால், அச்சு சுழன்றதும் உள்ளிருந்த எண்ணெய் அந்தக் கட்டையையே வெளியே தள்ளிவிட்டதாம்! சுழலும் தண்டு எண்ணெயைத் தனக்கடியில் இழுத்து, அதில் எழும் அழுத்தத்தின்மீது தானே மிதக்கிறது என்று ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886-இல் கணித ரீதியாக நிரூபித்தார். சுழற்சி பிறக்குமுன் மிதப்பும் இல்லை. அதுவரை காவல் நிற்பது கையால் பூசிய எண்ணெயே. பூட்டி முடித்ததும் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைப் பலமுறை மிதித்து எண்ணெயை மேலேற்றிய பிறகே ஸ்டார்ட் செய்வது உத்தமம்.

கேள்வி: அப்படியானால் தாராளமாக எல்லா இடத்திலும் பூசிவிடலாமே? (நெல்லித்தோப்பு வாசகர்)

பதில்: தங்கள் தாராளம் சிலாகிக்கத்தக்கது, போல்ட்டுக்குத்தான் ஆகாது. போல்ட்டை முறுக்கும் பலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்வுக்கே செலவாகி, மிச்சமே பிடிப்பாகிறது. உலர்ந்த மரைக்கென்று புத்தகத்தில் குறித்த அளவுக்கு, எண்ணெய் தடவிய மரையில் டார்க் ரெஞ்சை முறுக்கினால், உராய்வு குறைந்த அளவுக்குப் போல்ட் கூடுதலாக இழுபட்டு, ஒருநாள் ‘டக்’கென்று அறுந்துபோகும். எண்ணெயிட்டு முறுக்கும்படியே புத்தகம் விதித்திருந்தால் அது வேறு விஷயம். அம்பாசடர் போன்ற கார்களில் பேரிங் ஷெல்லின் உட்புறத்துக்கு எண்ணெய் அத்தியாவசியம். முதுகுப் புறமோ துடைத்து உலர்ந்திருக்க வேண்டும், ஏனெனில் அது அசையாமல் இருக்கையைக் கவ்விக்கொண்டு சூட்டைக் கடத்த வேண்டியது. பிஸ்டன் ரிங்குக்கு இலேசான பூச்சு போதும். மிஞ்சினால் தெருவெல்லாம் நீலப்புகை.

கேள்வி: விளக்கெண்ணெய் பூசலாம் என்கிறார் என் பாட்டனார். (உப்பளம் வாசகி)

பதில்: பாட்டனாருக்குச் சரித்திரம் தெரியும். பிரெஞ்சுக்காரர்களான செகேன் சகோதரர்கள் செய்த, சிலிண்டர்களே சுழலும் நோம் விமான என்ஜின், பெட்ரோலில் எளிதில் கரையாத விளக்கெண்ணெயைத்தான் குடித்தது. அது கக்கிய ஆவியைச் சுவாசித்த விமானிகளுக்கு வயிறு கலங்கியதென்பது பிரசித்தம். ஆயினும் நாளடைவில் பிசின்போல் இறுகிவிடும் அந்தத் திரவியம், தினசரி மார்க்கெட்டுக்குப் போய்வரும் வண்டிக்கு வேண்டாம்.

கேள்வி: துடைப்பதற்குக் காட்டன் வேஸ்ட் போதாதா? (முதலியார்பேட்டை வாசகர்)

பதில்: ரோடியர் துணி மில் இருந்த பேட்டையிலிருந்து இந்தக் கேள்வி வருவது நியாயமே. வெளிப்புற அழுக்குக்கு அது போதும். உள்ளே மட்டும், நூலிழை உதிராத பழைய வேட்டித் துணியே சிரேஷ்டம். ஓர் இழை எண்ணெய்த் துவாரத்தில் நுழைந்தால் பூசியதனைத்தும் வியர்த்தம். மேலும் நமது கடலோர ஊரின் உப்புக் காற்றில், துடைத்த சிலிண்டரை எண்ணெயின்றி ஓரிரவு திறந்து வைத்தாலே, காலையில் அதன் சுவரில் விரலில் ஒட்டும் செம்மண் நிறத் துரு படிந்திருக்கக் காணலாம்.

கேள்வி: என் கணவர் என்ஜினைப் பூட்டி, எண்ணெயும் பூசிவிட்டு, மூன்று மாதமாக ஸ்டார்ட் செய்யவில்லை. (லாஸ்பேட்டை வாசகி)

பதில்: பூசிய எண்ணெய் இதற்குள் வழிந்து அடியில் இறங்கியிருக்கும். அத்தகைய தீர்க்காலோசனைக்காரர்களுக்கென்றே மாலிப்டினம் கலந்த, ஒட்டிக்கொண்டு நிற்கும் பசை கடைகளில் கிடைக்கிறது. கேமின் மூடியை மட்டும் திறந்து அந்தப் பசையைக் கேமில் பூசச் சொல்லுங்கள். அந்தச் சாக்கில் முழு என்ஜினையும் மறுபடி பிரிக்கத் தொடங்கிவிடாதபடி, ஸ்பானர் பெட்டியைத் தாங்கள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.