எங்களுக்கென்று ஒரு வேலை

நான் கற்ற முதல் தொழிற்கல்வி நாற்காலி பின்னுவது. 1983. எனக்குப் பதின்மூன்று வயது. பார்வையற்றோர் விடுதிப் பள்ளியின் பின்புறம் ஒரு கொட்டகை. உள்ளே ஊறவைத்த பிரம்பின் வாடை, சுற்றிலும் அரசு அலுவலகங்களிலிருந்து குழி விழுந்து வந்த நாற்காலிகள். நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு என்று ஆறு ஓட்டம். பின்னலுக்கு நடுவே விழும் ஓட்டைகளை எங்கள் வாத்தியார் ‘கண்’ என்பார். “கண்ணு ஒரே அளவா விழணும்ல!” என்று முதுகில் ஒன்று வைப்பார். கண் தெரியாத பிள்ளைகள் முப்பது பேர் நாள் முழுக்கக் கண் செய்துகொண்டிருந்தோம்.

“கைத்தொழில் ஒண்ணு இருந்தா சோத்துக்குக் கவலையில்லல” என்பதும் அவர் வாக்குதான். பலித்தது, பிளாஸ்டிக் நாற்காலி வரும்வரை.

கணக்குப் பாடம் எட்டாம் வகுப்போடு நின்றுபோனது. அதுவரை டெய்லர் பலகை என்று ஒன்று இருந்தது. அலுமினியத் தகடு, நட்சத்திர வடிவக் குழிகள், அவற்றில் செருக ஈய அச்சுகள். அச்சை எந்தப் பக்கம் திருப்பிச் செருகுகிறோமோ அதுதான் எண். பலகை கைதவறி விழுந்தால் ஒரு நீள்வகுத்தல் முழுதும் தரையில் உருண்டோடும். பொறுக்கி எடுத்து முதலிலிருந்து தொடங்குவேன்; அலுத்ததே இல்லை. ஆனால் எங்களுக்குக் கணக்கிலிருந்து விலக்கு உண்டு. சலுகையாம். கேட்காமலே கிடைத்தது. பிளஸ் டூவில் அறிவியல் குரூப் கேட்டபோது தலைமையாசிரியர் பரிவோடு, “சோதனைக் குழாயில நிறம் மாறுறத யாரு பார்க்கிறது தம்பி?” என்றார். வரலாறு கொடுத்தார்கள். வரலாற்றை யாருமே பார்த்ததில்லை என்பதால் இருக்கலாம்.

ரொம்ப காலம் கழித்து, ஆந்திரத்தில் ஸ்ரீகாந்த் பொல்லா என்பவர் இதே பதிலைக் கேட்டுவிட்டு நேரே நீதிமன்றம் போனார், அறிவியல் படித்தார், அமெரிக்காவில் எம்.ஐ.டி. வரை போனார் என்று கேள்விப்பட்டேன். பெருமையாகத்தான் இருந்தது. எங்கள் காலத்தில் ஒருவனுக்குக்கூட வழக்குப் போடத் தோன்றவில்லையே என்று எரிச்சலும் வந்தது.

ஊரில் என்னைத் தயங்காமல் சேர்த்துக்கொண்ட ஒரே இடம் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். அங்கே விசையைப் பார்த்து அடித்தால் ஸ்கேலால் விரலில் விழும். ‘ஏ எஸ் டி எஃப் ஜி எஃப்’ என்று தட்டிக்கொண்டிருந்த பெண்களும் பையன்களும் குனிந்து பார்த்துப் பார்த்து அடி வாங்கினார்கள். நான் ஒருநாளும் வாங்கவில்லை. வாழ்க்கையில் எனக்கு முழுத் தகுதி இருந்த முதல் படிப்பு அது. லோயர் தேர்வுக்கு மட்டும் சிக்கல்: தாளில் இருப்பதைப் பார்த்துத்தானே அடிக்க வேண்டும்? ஒருவர் வாசிக்க நான் அடிக்கலாமா என்று எழுதிக் கேட்டோம். பதில் இன்னும் வரவில்லை.

1992இல் ஒரு வங்கியில் டெலிபோன் ஆபரேட்டர் ஆனேன். அப்போது பார்வையற்றவனுக்கு வேலை என்றால் போர்டு வேலைதான். இருநூறுக்கு மேல் எண்கள் தலையில் இருக்கும். குரலைக் கேட்டே யாருக்கு எந்த மேனேஜர் வேண்டும், எந்த மேனேஜர் ‘சீட்ல இல்ல’ என்று சொல்லவேண்டும் என்பது வரை தெரியும். 1995இல் ஊனமுற்றோருக்கான சட்டம் வந்தது. அரசு வேலையில் மூன்று சதவீதம். அதில் ஒன்று எங்களுக்கு. கூடவே எந்த வேலையை எந்த ஊனமுள்ளவர் செய்யலாம் என்ற பட்டியல். ‘நீ என்ன செய்வாய்?’ என்று எங்களைக் கேட்டவர் யாரும் இல்லை.

பிறகு அழைப்பைத் தானே பிரித்து அனுப்பும் எந்திரம் வந்தது. ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று அது பேசத் தொடங்கியதும் என் வேலை போயிற்று. சம்பளம் போகவில்லை. ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். பிரம்பு நாற்காலி. தடவிப் பார்த்தேன், பின்னல் சுமார்.

கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிறேன் என்றேன். “ஸ்கிரீனைப் பார்க்காம அதுல என்ன சார் செய்வீங்க?” என்று கேட்டார் மேலாளர். நியாயமான கேள்விதான். அதற்கான பதிலை அமெரிக்காவில் டெட் ஹென்டர் என்பவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். மோட்டார்சைக்கிள் பந்தய வீரர். 1978இல் கார் விபத்தில் பார்வை போயிற்று; புரோகிராம் எழுதக் கற்றார். 1989இல் டாஸுக்கும் 1995இல் விண்டோஸுக்கும் அவர் நிறுவனம் ‘ஜாஸ்’ என்ற ஸ்கிரீன் ரீடரை வெளியிட்டது. திரையில் உள்ளதை அது வாய்விட்டு வாசிக்கும். விலையைக் கேட்டால் நமக்கு வாயடைத்துப்போகும். ஆனால் காசு கட்டாதவர்களுக்கு நாற்பது நிமிடம் இலவசம். நாற்பதாவது நிமிடத்தில் ஊமையாகிவிடும். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் மறுபடி நாற்பது. என் தலைமுறைப் பார்வையற்றவர்கள் பலர் நாற்பது நாற்பது நிமிடங்களாகக் கணினி படித்தவர்கள். இன்றும் அரை மணி தாண்டினால் என் கை தானாக ‘சேவ்’ கொடுத்துவிடும்.

2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் ‘என்விடிஏ’ என்ற ஸ்கிரீன் ரீடரை எழுதத் தொடங்கினார். முற்றிலும் இலவசம். எழுதிய மொழி பைத்தான். அந்த மொழியில் வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடத்துக்குக்கூடப் பொருள் உண்டு. வெற்றிடத்தை எப்படிக் காதால் கேட்பது? என்விடிஏ அதை ஒலியாக்கித் தருகிறது: வரி உள்ளே தள்ளிப் போகப் போகச் சுருதி ஏறும். கண் போனால் சங்கீதம் வரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. எனக்கு வரவே இல்லை என்று அம்மாவுக்குக் கடைசிவரை குறை. ஐம்பது வயதில், பைத்தானில் வந்தது.

தமிழ்தான் ரொம்ப காலம் படுத்தியது. தமிழில் தட்டச்சு செய்தவர்கள் ஆளுக்கொரு எழுத்துருவில் அடித்தார்கள். கண்ணுக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகள். பாமினியில் அடித்த ‘அம்மா’வை ஸ்கிரீன் ரீடர் ‘எம், கே, செமிகோலன், கே, எச்’ என்று வாசிக்கும். யூனிகோட் பரவிய பிறகுதான் கணினி வாயால் அம்மாவை அம்மா என்று கேட்டேன். அரசாணைகளை ஸ்கேன் செய்து படமாகப் போடும் வழக்கம் மட்டும் இன்னும் தீரவில்லை. எங்கள் நலனுக்கான ஆணைகளும் அதில் சேர்த்தி.

இப்போது காலம் மாறிவிட்டது. ‘குருடன்’ போய், ‘ஊனமுற்றோர்’ போய், ‘மாற்றுத்திறனாளி’ ஆகிவிட்டோம். 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஏழாக இருந்த ஊனப் பிரிவுகளை இருபத்தொன்றாக்கி, ஒதுக்கீட்டை நான்கு சதவீதமாக்கியது. கம்பெனிகள் வேலைவாய்ப்பு முகாம் வைத்து டீ-ஷர்ட் தருகின்றன. வேலை? அக்சஸிபிலிட்டி டெஸ்டிங். எங்களைப் போன்றவர்களால் ஒரு செயலியையோ இணையதளத்தையோ பயன்படுத்த முடிகிறதா என்று சோதித்துச் சொல்வது. நல்ல வேலைதான். எந்தப் பொத்தானுக்குப் பெயர் வைக்கவில்லை, எந்தப் படிவத்தில் டேப் விசை போய் மாட்டிக்கொள்கிறது என்று எங்களைவிட நன்றாக யாரால் சொல்ல முடியும்? எங்களுக்குச் சம்பளம், கம்பெனிக்குப் புகைப்படம்.

ஓய்வு பெற ஆண்டுகள் இருக்கும்போதே விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, சென்னையில் ஒரு மாடியறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் தருமபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். டோட்டல், அதாவது முழுக்கப் பார்வையற்றவள். பி.எஸ்சி. கணினி அறிவியல்.

“எனக்கு டேட்டாபேஸ் பிடிச்சிருக்கு சார்.”

“டெஸ்டிங் எடும்மா” என்றேன். “நம்மாளுங்க எல்லாரும் அதுலதான் இருக்காங்க. சோத்துக்குக் கவலையில்ல.”

சொல்லி முடிக்கும்போதே எங்கிருந்தோ ஊறவைத்த பிரம்பின் வாடை வந்தது.

அந்தப் பெண் விடவில்லை. “டேட்டாபேஸ்ல பார்க்கறதுக்கு என்ன சார் இருக்கு? எந்த டேபிள் எதோட எப்படிச் சேருதுன்னு மனசுல வெச்சுக்கணும், அவ்ளோதானே?” இருநூறு போன் எண்களை மனதில் வைத்திருந்தவனிடம் கேட்கிறாள். பேசாமல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கம்பெனியில் டேட்டாபேஸ் வேலைக்கு விண்ணப்பம். அன்றுதான் கடைசி நாள். பெயர், படிப்பு, ஊன சதவீதம் எல்லாம் மளமளவென்று நிரப்பினாள். அவளுடைய ஸ்கிரீன் ரீடர் போன வேகத்தை என்னாலேயே பிடிக்க முடியவில்லை. கடைசியில் ஒரு கட்டம்: ‘நான் ரோபோ அல்ல.’

வங்கிக் கணக்கு தொடங்க ‘கண் சிமிட்டிக் காட்டு’ என்று கேட்ட கேமராக்களைப் பற்றி 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டது. டிஜிட்டல் வசதி கிடைப்பதும் வாழும் உரிமையில் சேர்ந்தது என்றது. இந்தக் கட்டத்துக்குத் தீர்ப்பு இன்னும் எட்டவில்லை போல. காதால் கேட்கும் வழியை அழுத்தினாள். ‘உங்கள் கணினியிலிருந்து தானியங்கிக் கோரிக்கைகள் வருகின்றன, பிறகு முயலவும்’ என்றது. வேகமாக நிரப்பியது குற்றமோ என்னவோ.

கீழே போய் வாட்ச்மேன் அண்ணனை அழைத்து வந்தேன்.

“ஒம்போது படம் இருக்கு சார். என்ன செய்யணும்?”

“ஃபயர் ஹைட்ரன்ட் இருக்கற படத்தையெல்லாம் தொடணும்ணா” என்றாள் அவள்.

“அப்படின்னா?”

“அமெரிக்காவுல ரோட்டோரம் நிக்கும் அண்ணே” என்றேன். “தீயணைப்பு வண்டிக்குத் தண்ணி புடிக்கிற குழாய்.”

“எப்படி இருக்கும்? என்ன கலரு?”

நாங்கள் இருவரும் சும்மா இருந்தோம்.

“செவப்பா, நம்மூரு தபால் பொட்டி மாதிரி குட்டையா ஒண்ணு நிக்குது. அமுக்கட்டா?”

“அமுக்குங்கண்ணே.”

“பக்கத்துல மஞ்சளா ஒண்ணு இருக்கு. சாமி கல்லு மாதிரி.”

“அதையும் அமுக்குங்க.”

அமுக்கினார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கணினி, ‘மீண்டும் முயலவும்’ என்றது, மூவருக்கும் பொதுவாக.