கொசுறு: மாடம்பாக்கம் காய்கறிக் கடைகளில் ஒரு விலையியல் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சென்னையின் தென் புறநகரான மாடம்பாக்கம் வட்டாரத்தில் காய்கறி வாங்குவோருக்குக் கொசுறாக, காசில்லாமல் கிடைக்கும் கறிவேப்பிலைக்கு உண்மையில் யார் காசு கொடுக்கிறார்கள்? இதுவே இந்த ஆய்வின் கேள்வி. யாரும் கொடுப்பதில்லை, அது சும்மா வருவது என்பது வாங்குவோர் கட்சி. தன் கைக்காசு போகிறது என்பது கடைக்காரர் கட்சி. இரு கட்சிகளும் தவறு என்று இந்தக் கட்டுரை நிறுவுகிறது. காசு கொடுப்பவர் மூன்றாவது ஆள் ஒருவர். கறிவேப்பிலை கைமாறும் நேரத்தில் அவர் பெரும்பாலும் வீடு போய்ச் சேர்ந்திருப்பார்.

1. ஆய்வெல்லை

ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலில் தொடங்கி, தேனுபுரீஸ்வரர் கோயிலைத் தொட்டுக்கொண்டு, அகரம்தென் போகும் சாலை வரை உள்ள காய்கறிக் கடைகளும் தள்ளுவண்டிகளும் இந்த ஆய்வுக்கு உட்பட்டவை. பேரூராட்சியாக இருந்த மாடம்பாக்கம் 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தது. பெயர்ப்பலகைகள் மாறின. கொசுறு முறையில் எந்த மாற்றமும் இல்லை. சோழர் காலத்துக் கோயிலைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. கொசுறுக்கு அப்படி ஒரு துறை கிடையாது. இருந்தும் அது சிதையாமல் நிற்பது வரலாற்று அறிஞர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று.

இங்கே வசிப்போரை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, மனை வாங்கி வீடு கட்டிய பழைய குடும்பங்கள். கொல்லையில் ஒரு கறிவேப்பிலை மரம் இருக்கும். இவர்கள் கடையில் கறிவேப்பிலை கேட்பதில்லை; அதற்குப் பதிலாகக் கொத்தமல்லி கேட்பார்கள். இரண்டாம் வகை, அந்த வீடுகளை இடித்து எழுந்த அடுக்குமாடிகளில் குடியேறியவர்கள். அஸ்திவாரம் தோண்டிய அன்றே மரம் போய்விட்டதால் இவர்களுக்குக் கடையே கொல்லைப்புறம். மூன்றாம் வகை, வாடகை அறைகளில் தங்கி மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துக்கும் மேடவாக்கம் வழியாகப் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் வேலைக்குப் போகும் இளைஞர்கள். இந்தக் கட்டுரையின் துன்பவியல் நாயகர்கள் இவர்களே.

2. ஆய்வுப் பொருள்

கறிவேப்பிலையின் தாவரவியல் பெயர் முரையா கோனிகி. பெயரின் பிற்பாதியில் இருப்பவர் 1768இல் தரங்கம்பாடிக்கு மருத்துவராக வந்த யோஹான் கெர்ஹார்டு கோனிக். செடிகொடி தேடித் தமிழ்நாட்டில் அலைந்த அவர் கறிவேப்பிலையைக் காசு கொடுத்து வாங்கினாரா, கொசுறாகப் பெற்றாரா என்பது தாவரவியல் துறையினர் தொடாமல் விட்ட கேள்வி.

காரமடைப் பக்கத்துச் செங்காம்பு ரகமும் ஆந்திரச் சரக்கும் இரவில் கோயம்பேட்டில் வந்து இறங்குகின்றன. 1996இல் கொத்தவால்சாவடியிலிருந்து மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாறியது முதல் தென் புறநகரின் கடைக்காரர்கள் விடியுமுன் எழுந்து அங்கே போய் வருகிறார்கள். அங்கிருந்து சுமார் 25 கிலோமீட்டர் குட்டியானை என்ற சிறு சரக்கு வண்டியில் பயணம். ஏற்றுகூலி, இறக்குகூலி, வண்டி வாடகை, வாடல், கழிவு எல்லாம் போகத்தான் இலை மாடம்பாக்கம் வருகிறது. ஆக, வரும்போது அதற்கு விலை உண்டு. கடை வாசலில்தான் விலையை இழக்கிறது.

3. முன்னோர் ஆய்வுகள்

ஆல்பிரட் மார்ஷல் 1890இல் வெளியிட்ட பொருளியல் நூலில் கூட்டு உற்பத்தி என்ற சிக்கலை எடுத்துக்கொள்கிறார். கோதுமையும் வைக்கோலும் ஒரே வயலில், ஒரே செலவில் விளைகின்றன. அந்தச் செலவில் வைக்கோலின் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? அதே சிக்கல் இங்கும் உண்டு. தக்காளியும் கறிவேப்பிலையும் ஒரே குட்டியானையில் வருகின்றன. தக்காளிப் பெட்டிகளின் மேல் சொகுசாகப் படுத்து வரும் கட்டுக்கு வாடகையில் எத்தனை பங்கு போடுவது? மார்ஷல் மாடம்பாக்கம் வந்ததில்லை. வந்திருந்தால் நூல் இன்னும் தடித்திருக்கும்.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரிலும் கொசுறு இருந்திருக்கிறது. மார்க் ட்வைன் 1883இல் வெளியான தம் மிசிசிப்பி நூலில் இதை வியந்து எழுதுகிறார்: பொருள் வாங்கிய சிறுவன் கொசுறு கேட்டால் கடைக்காரர் ஒரு துண்டு அதிமதுர வேர் கொடுப்பாராம். அதிமதுரத்தை வைத்து ரசம் தாளிக்க முடியாது என்பதால் இதை வளர்ச்சி குன்றிய கொசுறு என்றே வகைப்படுத்த வேண்டும்.

டான் ஏரியலியும் இரு சகாக்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில் உயர்ரகச் சாக்லேட்டை 15 சென்டுக்கும் சாதாரண சாக்லேட்டை 1 சென்டுக்கும் வைத்தபோது வாங்கியவர்களில் பெரும்பாலோர் உயர்ரகத்தை எடுத்தார்கள். இரண்டிலும் ஒரே ஒரு சென்டு குறைத்ததும், அதாவது சாதாரணச் சரக்கு இலவசமானதும், கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. பூஜ்யம் என்பது மற்ற விலைகளைப் போல ஒரு விலையில்லை, அதற்குத் தனி மயக்கம் உண்டு என்பது அவர்கள் முடிவு. மாடம்பாக்கத்து மாமிகளை ஒரு நாள் கவனித்திருந்தால் சாக்லேட் செலவு மிஞ்சியிருக்கும்.

2024 மே மாதத்தில் மும்பையில் ஓர் அம்மா, செயலியில் காய் வாங்கும்போது கொத்தமல்லிக்குத் தனிக் காசா என்று அதிர்ந்துபோனார். மகன் அதைச் சமூக ஊடகத்தில் எழுதினார். அந்தச் செயலியை நடத்தும் பிளிங்கிட் நிறுவனத்தின் அன்றைய தலைவர் அல்பிந்தர் திண்ட்சா அதைப் பார்த்துவிட்டுக் காய்களோடு கொத்தமல்லியை இலவசமாகக் கொடுக்க ஏற்பாடு செய்தார். பெரும் முதலீடும் கணினியும் கடைசியில் வந்து நின்ற இடம், அகரம்தென் சாலையில் ஒரு தள்ளுவண்டி காலை ஆறு மணிக்கே நிற்கும் இடம்.

4. சில்லறைக் கோட்பாடும் அதன் வீழ்ச்சியும்

கடைக்கு நாளொன்றுக்கு 100 பேர் வருவதாகக் கொள்வோம். ஒரு கொசுறு 10 கிராம், கறிவேப்பிலை கிலோ 60 ரூபாய் என்றால் ஒரு கொசுறின் அடக்கவிலை 60 பைசா. இந்த 60 பைசாவை வசூலிக்க வழியில்லை. 25 பைசா நாணயம் 2011 ஜூன் 30உடன் செல்லாமல் போனது. 50 பைசா சட்டப்படி செல்லும். கடையில் நீட்டினால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். ஆகவே பூஜ்யத்துக்கும் ஒரு ரூபாய்க்கும் நடுவே வேறு விலையே இல்லை. கடைக்காரர் பூஜ்யத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது சில்லறைக் கோட்பாடு.

கேட்க நன்றாக இருக்கும் இந்தக் கோட்பாட்டைக் கைபேசி கவிழ்த்துவிட்டது. 2016இல் யூபிஐ வந்தபின் காய்க் கணக்கோடு சேர்த்து 60 பைசாவையும் அட்சரம் பிசகாமல் அனுப்ப முடியும். இருந்தும் எந்தக் கடைக்காரரும் 60 பைசாவுக்கு க்யூஆர் அட்டையை நீட்டவில்லை. கொசுறுக்குக் காரணம் நாணயத் தட்டுப்பாடு இல்லை என்று இதனால் தெளிவாகிறது.

5. களக்காட்சி

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். முப்பது வயதுக் கடைக்காரர். பத்து ரூபாய்க்குப் பச்சை மிளகாய்.

"தம்பி, கறிவேப்பிலை வைக்கலையே?"

"பத்து ரூபா மிளகாய்க்கு அதெல்லாம் எப்படிம்மா கட்டுப்படியாகும்?"

"போன ஞாயித்துக்கிழமை அஞ்சு கிலோ வெங்காயம் வாங்கினேனே, அன்னிக்கு நான் ஒண்ணும் கேக்கலையேப்பா. அதைச் சேத்துக் குடு."

"சரி, பிடிங்க."

"கொத்தமல்லி?"

கணக்கியல் நோக்கில் இது மிக உயர்ந்த காட்சி. வருமான வரிச் சட்டம் வியாபார நஷ்டத்தை 8 ஆண்டுகள் வரை அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்ல விடுகிறது. அம்மாள் அதே நெறியைப் பட்டயக் கணக்காளர் யாரையும் வைத்துக்கொள்ளாமல் கையாண்டார். வரவேண்டிய கொசுறை நிலுவையாகக் காட்டி, ஒரு வாரம் கழித்து, வட்டியாகக் கொத்தமல்லியும் சேர்த்து வசூலித்தார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவ்வளவும் நடந்து முடியும் வரை பத்து ரூபாய்த் தாள் அம்மாளின் கையைவிட்டுப் போகவில்லை. காய் நிறுத்தபின், காசு கொடுக்குமுன் என்ற அந்த இடைவெளிதான் கொசுறின் நல்ல நேரம். அறையில் தங்கியிருக்கும் இளைஞருக்கு இந்த இடைவெளி கிடையாது. அவர் க்யூஆரைப் படம் பிடிக்கிறார். கடையின் ஒலிப்பெட்டி உரக்கத் தொகையைச் சொல்கிறது. கடைக்காரரின் கண் அடுத்த ஆளிடம் போய்விடுகிறது. பணம் போய்ச் சேர்ந்தபின் கேட்பதற்குப் பெயர் யாசகம் என்று கருதி இளைஞர் கூச்சத்தோடு வண்டியைக் கிளப்புகிறார்.

6. மெய்க் கணக்கு

100 பேரில் 60 பேர் கேட்கிறார்கள், 40 பேர் கேட்கவில்லை என்று கொள்வோம். எல்லோரும் ஒரே அளவு காய் வாங்குவதாகவும் இருக்கட்டும். கொசுறுச் செலவு 60 தரம் 60 பைசா, அதாவது 36 ரூபாய். கடைக்காரர் இதைக் கைக்காசிலிருந்து கொடுப்பதில்லை. கிலோ 28 ரூபாய்க்குக் கட்டுப்படியாகும் தக்காளிக்கு 30 என்று அட்டையில் எழுதும்போதே அது உள்ளே போய்விடுகிறது. அந்த விலை எல்லோருக்கும் ஒன்றே என்பதால் 36 ரூபாய் 100 பேர் தலையிலும் சமமாக விழுகிறது. ஆளுக்கு 36 பைசா.

கேட்பவர் 36 பைசா கொடுத்து 60 பைசாச் சரக்கு பெறுகிறார்; லாபம் 24 பைசா. கேட்காதவர் 36 பைசா கொடுத்து ஒன்றும் பெறுவதில்லை. 60 பேரின் மொத்த லாபம் 14 ரூபாய் 40 காசு. 40 பேரின் மொத்த நஷ்டமும் அதே 14 ரூபாய் 40 காசு. கணக்கு நேராகிறது. கடைக்காரருக்கு லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை, நல்ல பெயர் மட்டும் மிச்சம். சூப்பர் மார்க்கெட்டில் கறிவேப்பிலைக்குத் தனி உறையும் தனி விலைச்சீட்டும் உண்டு. கேட்காதவர் தப்பிக்கிறார், ஆனால் நல்ல பெயரும் யாருக்கும் போவதில்லை.

7. பருவநிலைத் திருத்தம்

மார்கழிக் குளிரில் கறிவேப்பிலை துளிர்ப்பது மந்தம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொத்தமல்லி அழுகும். மண்டி விலை ஏறும். அப்போதும் கொசுறின் விலை பூஜ்யத்தைவிட்டு அசைவதில்லை, அளவுதான் இளைக்கிறது. ஆடியில் கைப்பிடி, ஐப்பசியில் கொத்து, மார்கழியில் ஓர் ஆர்க்கு. ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில் கம்பெனிகள் கையாளும் அதே உத்தி. ஒரே வித்தியாசம், பிஸ்கட் உறையில் எடையை அச்சிட்டாக வேண்டும். 2009ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்தில் ஆர்க்கு என்ற அலகு இல்லை.

2023 ஜூலையில் தக்காளி நூறைத் தாண்டிப் பறந்தபோது அரசு சென்னையின் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. வரிசையில் நின்றவர்கள் தக்காளியை வாங்கிக்கொண்டு போனார்கள். ரேஷன் கடையில் கொசுறு கேட்கும் துணிவு நம் இனத்துக்கு இன்னும் வரவில்லை.

8. முடிவும் பரிந்துரையும்

கொசுறு என்பது கேட்காதவர் மேல் போட்டு, கேட்பவருக்குப் பிரித்துக் கொடுக்கப்படும் வரி. இதற்குச் சட்டமன்றத்தில் மசோதா வரவில்லை, குரல்தான் சட்டம். நூறு பேரும் கேட்கத் தொடங்கினால் ஆளுக்கு 60 பைசா போய் 60 பைசா இலை வரும். அன்றோடு இலவசம் ஒழிந்து அவரவர் இலைக்கு அவரவர் காசு என்றாகிவிடும். கேட்கும் பழக்கமுள்ள 60 பேருக்கு இது கசப்பான செய்தி. ஆகவே அவர்கள் கண்ணில் இந்தக் கட்டுரை படாமல் பார்த்துக்கொள்வது நலம்.

மற்ற 40 பேருக்கு: கறிவேப்பிலை கேட்பது அற்பத்தனம் என்று கூச வேண்டாம். அதற்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள். அடுத்த முறை க்யூஆரைப் படம் பிடிக்குமுன் பையை விரித்துக் கேளுங்கள். சமைக்காதவர் என்றால், பின்னால் நிற்பவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். எப்படியும் அவர்தான் வாங்கப்போகிறார். கொடுத்த பெயராவது உங்களுக்குக் கிடைக்கட்டும்.