எல்லாம் மச்சான் பேரில்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் கோப்பிக்கடைகளில் இப்படி ஒருவர் நிச்சயம் இருப்பார். கைபேசி மகள் பேரில், கழுத்துச் சங்கிலி மனைவி பேரில், கார் மச்சான் பேரில். கடன் மட்டும் சொந்தப் பேரில். நீதிமன்றம் அவரை நொடித்துப்போனவர் என்று அறிவித்து, அரசிதழிலும் பேர் வந்தாயிற்று. அதற்கப்புறம்தான் ஆளுக்குச் சதையே பிடித்திருக்கிறது.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டுத் தொலைத்துவிடக் கூடாது. "என்னத்த நல்லா இருக்கிறது, ஒரு தே ஓ குடிக்கக் காசில்லப்பா" என்பார், எதிரிலிருக்கும் ஆட்டு ஈரல் பிரட்டலைப் பரோட்டாவால் துடைத்தபடி.

சட்டம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. உரிமையாளர்களில் ஒருவராவது குடிமகனாக இருந்தால் வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டைக் கடன்காரர் தொட முடியாது. மத்திய சேமநிதிப் பணத்திலும் கைவைக்க முடியாது. நாணயமாகத் தொழில் செய்து நொடித்தவன் பிள்ளைகுட்டியோடு தெருவில் நிற்க வேண்டாமென்று செய்த ஏற்பாடு அது. நம் அண்ணனோ தன்னை மனதில் வைத்துத்தான் எழுதினார்கள் என்று நம்புகிறார். நொடித்தவர் ஆயிரம் வெள்ளியோ அதற்கு மேலோ கடன் கேட்டால் தன் நிலைமையைச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் குற்றம். ஆகவே அண்ணன் யாரிடமும் 950 வெள்ளிக்கு மேல் கேட்பதே இல்லை. "சட்டத்தை மதிக்கணும்பா."

முகம் சுளித்தால் எதிர்க்கட்சி அரசியல்வாதி ஜே.பி.ஜெயரத்தினத்தைத் துணைக்கு இழுப்பார். "அவரே திவாலானவர்தானே?" ஆனார், 2001இல், அவதூறு வழக்கு இழப்பீட்டுத் தவணை தவறியதால். நாடாளுமன்ற இடமும் போனது. தெருவில் நின்று தன் புத்தகங்களை விற்றார். 2007இல் கடனைத் தீர்த்துவிட்டு வெளியே வந்தார். இந்தக் கதையில் மச்சான் எங்கே வருகிறார் என்று கேட்டால், அண்ணன் மழை வரும்போலிருக்கிறது என்பார்.

அண்ணனுக்கு ஒரே குறை, ஜொகூர்ப் பாலம். அனுமதி வாங்காமல் நாட்டைவிட்டு வெளியேறக் கூடாது. சனிக்கிழமையானால் புளோக்கே ஜொகூருக்குக் கிளம்பும். தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு மச்சானும் கிளம்புவார், அண்ணன் காரில். மன்னிக்கவும், மச்சான் காரில்.

சிங்பாஸ் மின்னடையாளத்தோடு அரசாங்க இணையத்தளத்தில் நுழைந்து கட்டணம் கட்டினால், ஒருவர் நொடித்தவரா என்று யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் கைமாற்றுக் கொடுக்குமுன் அடையாள அட்டை எண் கேட்க நம் சனங்களுக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் அண்ணன் பிழைப்பு ஓடுகிறது.

அவர் புரட்டாமல் விட்ட பக்கம் ஒன்று உண்டு. நொடிப்பு மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளில் சொத்தை இனாமாகவோ அடிமாட்டு விலைக்கோ கைமாற்றியிருந்தால், அதை ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போக வழியிருக்கிறது. வாங்கியவர் சொந்தக்காரர் என்றால் சந்தேகம் இன்னும் ஒருபடி கூடும். கார் கைமாறியது மனுவுக்கு ஒரு வருஷம் முன்னால். என்ன விலை கொடுத்தீர்கள் என்று மச்சானுக்குக் கடிதம் வந்தது.

கோப்பிக்கடையில் அவசரக் கூட்டம்.

"முழு விலையும் ரொக்கமாக் கொடுத்தேன்னு எழுதிடுறேன் அத்தான்."

"எழுது, எழுது."

பக்கத்து மேசையில் ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர், நாளிதழிலிருந்து தலை தூக்காமலே கேட்டார். "அப்ப அந்த ரொக்கம் எங்கேன்னு அண்ணனைக் கேப்பாங்களே. சொத்துக் கணக்குல காட்டலைன்னா அது தனிக் குற்றமாச்சே?"

தே தாரே ஆறிக்கொண்டிருந்தது.

"சரி மச்சான், சும்மா கொடுத்தேன்னே எழுது."

"அப்படி எழுதுனா காரு போயிடுமே அத்தான்."

"யாரு காரு?"

"என் காரு" என்றார் மச்சான்.