மிச்சப் பலகை

சமையற்கட்டு அலமாரிக்கு ஐந்து தட்டு என்பது பேச்சு. மூன்று ஏறியதும் எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. சுவரோரம் சாய்ந்திருந்த மற்ற பலகைகளை நான் மிச்சம் என்கிறேன். என் மனைவி பாக்கி என்கிறாள். வழக்கு தீர்வதற்குள் அதில் ஒரு வில் செய்துவிடுவதென்று உட்கார்ந்துவிட்டேன்.

எங்கள் ஊர் பாலோவில் எதற்கு வில்? இங்கே பையன்கள் கையில் லாஸ்திக் என்ற கவண் இருக்கும், செம்பனைக் குலை இறக்குகிறவர் தோளில் நீளக் கம்பும் அரிவாளும் இருக்கும். வில் வைத்திருப்பவர் ராமர் ஒருவர்தான், அவரும் காலண்டரில். பணி ஓய்வு பெற்றவனிடம் காரணம் கேட்கக்கூடாது, அவ்வளவே.

ஒரே மரத்தில் வில் வேண்டுமென்றால் ஆள் உயரத்துக்குப் பலகை வேண்டும். என்னிடம் இருந்ததெல்லாம் மூன்றடித் துண்டுகள். அதற்கென்றே இருக்கிறது கழற்றி மாட்டும் வில். நடுவில் தடித்த கைப்பிடி, மேலே ஒரு கை, கீழே ஒரு கை. போல்ட்டும் நட்டும் போட்டு முறுக்கினால் வில், கழற்றினால் பைக்குள் போட்டுக்கொண்டு ரயிலேறலாம். "குளுவாங்குக்கு வில்லோட போய் யாரை அடிக்கப் போறீங்க?" என்றாள். அவளுக்குத் தொழில்நுட்பம் புரியாது.

முதல் இரண்டு கையும் ரப்பர் பலகை. அப்பா பால் வெட்டிய மரமாயிற்றே என்ற பாசம். 25 வருஷம் போலப் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை வெட்டி மூவாரில் நாற்காலி செய்கிறார்கள். நாம் வில்லாக்கினால் கொஞ்சம் மரியாதை. ஆனால் அந்தப் பலகையில் அங்கங்கே, இரண்டு கை விரல்களைக் கோத்த மாதிரி, பல்பல்லாக ஒரு கோடு தெரியும். சிறு துண்டுகளைப் பசை போட்டு இணைத்த இடம் அது. ஊறுகாய் ஜாடியைத் தாங்கும். வில்லை வளைத்தால் வயிற்றுப்பக்கம் நசுங்கும், முதுகுப்பக்கம் இழுபடும். இழுபட்டதும் அந்தப் பல் பிடியை விட்டுவிடும். நான் பாதிதான் இழுத்தேன். டப்பென்ற சத்தத்தில் கோழிகள் சிதறின. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது: "ஒடிஞ்சது நாலாவது தட்டா, அஞ்சாவதா?"

கழற்றி மாட்டும் வில்லின் மகிமை அப்போதுதான் விளங்கியது. ஒரு கை ஒடிந்தால் வில் போய்விடாது, வேறு கை மாட்டலாம். தோல்வியை எத்தனை தடவை வேண்டுமானாலும் தொடரலாம்.

அடுத்தது மெரந்தி மரப் பலகை. கதவு நிலை செய்ததில் நின்றது, எந்த நீதிமன்றத்திலும் மிச்சம்தான். ரேகை ஓரத்தில் ஓடி இறங்கிவிடாமல் முனைக்கு முனை நேராகப் போகிற துண்டுகளாகப் பார்த்து எடுத்தேன். தூணில் வில்லை மாட்டி, கயிற்றைக் கீழே இழுத்து, எந்தக் கை வளைய மறுக்கிறதோ அதன் வயிற்றில் சுரண்ட வேண்டும். மேல் கையைச் சுரண்டினால் கீழ்க்கை முறைக்கும். கீழ்க்கையைச் சுரண்டினால் மேல் கை. குரங்கு அப்பம் பங்கிட்ட கதைதான். பலகையின் கனத்தில் பத்தில் ஒரு பங்கு போனால் விறைப்பில் கால் பங்குக்கு மேல் போய்விடும். கனம் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்று. அகலத்தைக் குறைத்தால் இந்தக் கொடுமை இல்லை, குறைத்த அளவுதான் குறையும். இதெல்லாம் தெரிந்தபோது என் காலடியில் சுருள் சுருளாக முக்கால்வாசி வில் கிடந்தது.

வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூற்றில் வன்பரணர் பாடியிருக்கிறார். என் அரங்கேற்றத்துக்கு அந்த ஐந்தில் உடும்பு மட்டும் வந்திருந்தது, பார்வையாளராக. சாக்கடை ஓரத்திலிருந்து தலையைத் தூக்கியது. நான் வாழைத்தண்டைக் குறி வைத்து விட்டேன். மூங்கில் அம்பு யோசித்துக்கொண்டே போய்ப் பாதி வழியில் படுத்தது. உடும்பு நாக்கை நீட்டிப் பார்த்துவிட்டு, அதைத் தாண்டி நிதானமாக நடந்துபோனது.

மனைவி துடைப்பத்தோடு வாசலில் நின்றிருந்தாள்.

"கழற்றி மாட்டலாம்னுதானே சொன்னீங்க?"

"ஆமா."

"அப்போ கழற்றுங்க. அலமாரியில மாட்டுங்க."