கிளம்பாத புல்லட்டும் தருக்க நெறியும்: ஒரு டாலிகஞ்ச் ஆய்வு

மலையில் புகை தெரிந்தால் அங்கே நெருப்பு உண்டு என்று சொல்ல நம் முன்னோருக்கு ஒரு முழு சாஸ்திரமே தேவைப்பட்டது. மணிமேகலையில் அறவண அடிகள் காஞ்சியில் உட்கார்ந்து, அடுக்களையைத் திட்டாந்தமாகக் காட்டி, இதை வரிசையாகப் பாடம் நடத்துகிறார். வங்கத்து நவத்வீபத்தில் ரகுநாத சிரோமணி முதலான நவ்ய நியாயப் பண்டிதர்கள் இதே அனுமானத்தை மயிர் பிளந்து பார்த்தார்கள். இத்தனை பேர் மூளையைச் செலவழித்தும், பல ஆண்டுகள் மாடிப்படிக்கு அடியில் கிடந்த புல்லட் ஏன் கிளம்பவில்லை என்பதை ஒருவரும் ஆராயவில்லை. அக்குறை இங்கே தீர்க்கப்படுகிறது.

ஆய்வுக் களம் தென் கொல்கத்தாவின் டாலிகஞ்ச். இங்குள்ள மெட்ரோ நிலையத்துக்கே உத்தம்குமார் பெயர். 1961-இல் வந்த ‘சப்தபதி’யில் சுசித்ரா சென்னைப் பின்னால் உட்காரவைத்து மோட்டார் சைக்கிள் ஓட்டினாரே, அவர்தான். ஆகவே மோட்டார் சைக்கிள் பற்றிக் கருத்து சொல்ல இங்கே யாருக்கும் தனித் தகுதி வேண்டியதில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே நெடுங்காலம் தங்கிவிடுவதற்கும் முன்னுதாரணம் உண்டு. 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பின் திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் கும்பினியார் வேலூர்க் கோட்டையிலிருந்து கிளப்பி இந்தப் பக்கம்தான் கொண்டுவந்து வைத்தார்கள். திருவொற்றியூரில் பிறந்த புல்லட் எம்மாத்திரம்?

ஆய்வுப் பொருள் பழைய புல்லட் 350. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ., பாயிண்ட் இக்னிஷன், ஹெட்லைட்டின் தலையில் ஓர் அம்மீட்டர். இதைக் கிளப்புவதே ஒரு வைதிகக் காரியம். கிக்கரை மெல்ல அழுத்தி அம்மீட்டர் முள்ளை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும்; டிகம்பிரஸரைப் பிடித்துக்கொண்டு பிஸ்டனை இம்மியளவு நகர்த்த வேண்டும்; விட்டுவிட்டு ஒரே உதை. ஸ்வரம் தப்பினால் வண்டி திருப்பி உதைக்கும்.

கிடந்த காலத்தில் உள்ளே நடந்தவை இவை. பெட்ரோலின் இலேசான பகுதி ஆவியாகி, மிச்சம் பிசினாகி, கார்புரேட்டரின் பைலட் ஜெட்டை அடைத்திருக்கும். அதன் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அடைக்கப் பிசின் அதிகம் வேண்டாம். இப்போது வரும் எத்தனால் கலந்த பெட்ரோலோ, வங்க மழைக்காலக் காற்றின் ஈரத்தைக் குடித்துவைத்து, அளவு மீறியதும் நீரோடு சேர்ந்து டேங்கின் அடியில் தனியே படிந்துவிடும். குழாயும் அடியில்தானே இருக்கிறது? எனவே கார்புரேட்டருக்கு முதல் பந்தியில் பரிமாறப்படுவது தண்ணீர். பாயிண்டில் பூஞ்சைபோல ஒரு படலம், கிளட்ச் பிளேட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டல், டேங்குக்குள் துரு. எல்லாம் அற்பக் காரணங்கள். உப்புத்தாள், மெல்லிய கம்பி, புதுப் பெட்ரோல், கொஞ்சம் பொறுமை இருந்தால் தீர்பவை.

ஆனால் அற்பக் காரணம் சொல்ல எவரும் தெருவுக்கு வருவதில்லை. வண்டியை வெளியே தள்ளி நிறுத்திய சற்று நேரத்தில் மண்குவளை டீயோடு ஒரு சபை கூடுகிறது. மணிமேகலை பக்கப் போலி 9, ஏதுப் போலி 14, திட்டாந்தப் போலி 10 என்று பழுதான வாதங்களை எண்ணி வைத்திருக்கிறது. இந்த 33-ஐயும் ஒரே மாலையில் கேட்க விரும்புவோர் டாலிகஞ்சுக்கு வரலாம்.

திட்டாந்தப் போலிதான் மலிவு. “எங்க மாமா ஸ்கூட்டரும் இப்படித்தான் கிடந்துச்சு, கண்டென்சர் மாத்தினதும் கிளம்பிடுச்சு.” மாமாவுடையது டூ ஸ்ட்ரோக், இது ஃபோர் ஸ்ட்ரோக் என்பதெல்லாம் சபையில் எடுபடாது. மலைக்கு அடுக்களையைச் சொல்லலாம், குளத்தைச் சொல்லக் கூடாது என்பதுதான் அடிகளின் பாடம்.

ஏதுப் போலி, அதாவது காரணத்தில் வரும் பழுது, இன்னும் நுட்பமானது. பிளக்கைக் கழற்றி, சிலிண்டர் மேல் சாய்த்து, உதைத்துப் பார்க்கிறார்கள். நீலப் பொறி தெறிக்கிறது. “கரண்ட் சரி” என்று தீர்ப்பு. திறந்த வெளியில் தாவுகிற பொறி, சிலிண்டருக்குள் அழுத்தப்பட்ட கலவைக்கு நடுவே தாவும் என்பதற்கு உத்தரவாதம் ஏது? அடுத்தவர் பிளக்கைத் தடவி, “ஈரமா இருக்கு, பெட்ரோல் வருது” என்கிறார். ஈரம் தண்ணீராகவும் இருக்கலாமே என்று மோந்து பார்ப்பவரை நான் உண்மையான தார்க்கிகர் என்பேன். சபை அவரைப் பைத்தியம் என்கிறது. அதற்குள் ஒருவர் மல்லிக் பஜாருக்குப் போய்ப் பழைய கார்புரேட்டர் ஒன்று வாங்கி வரக் கிளம்பியிருப்பார். (நம் புதுப்பேட்டையைப் பார்த்தவர்களுக்கு மல்லிக் பஜாரை விளக்க வேண்டாம்.)

கடைசியில் மிஸ்திரி ஒருவர் யாரிடமும் பேசாமல் ஜெட்டைக் கழற்றி ஊதி, பாயிண்டைத் தேய்த்து, இடைவெளியை 0.35 மி.மீ. சுமாருக்கு வைத்து, உதைக்கிறார். வண்டி கிளம்புகிறது. கிளம்பியதும் சைலன்சரிலிருந்து தெருவையே மறைக்கும் புகை.

நம் ஆய்வின் சிகரம் இதுதான். புகை இருப்பதால் நெருப்பு உண்டு என்பது இங்கே ஐயமற நிலைநாட்டப்படுகிறது. சபையோ, “ரிங் போச்சு, போர் அடிக்கணும்” என்கிறது. இதை அடிகள் அநைகாந்திகம் என்பார்: இரு பக்கமும் சாயும் ஏது. ரிங் தேய்ந்தாலும் புகை வரும். பழைய புல்லட்டில் ஆயில் தனி அறையில் இருப்பது; நெடுநாள் நின்றால் பம்ப் வழியே கசிந்து கிராங்க் கேஸுக்குள் இறங்கிவிடும்; அது எரிந்தாலும் இதே புகைதான். இரண்டையும் பிரிக்க ஒரே வழி, ஆயில் தன் இடம் திரும்பும்வரை காத்திருப்பது. புகை ஓய்ந்தால் ரிங் பிழைத்தது. காத்திருக்கச் சொன்னால் சபை கலைந்துவிடுகிறது. சிலிண்டரைக் குடைந்து அகலப்படுத்தும் இந்தப் போர் அடிக்கும் யோசனைதான் பல புல்லட்டுகளைக் கெடுத்தது என்பது என் துணிபு.

விசுவகர்மா பூஜையன்று மாலை போட்டுப் பார்ப்பது தனி ஆய்வுக்குரியது. ஓடாத வண்டிக்கும் மாலை உண்டு என்பதால் அதை இங்கே ஏதுவாகக் கொள்ளவில்லை.

புகை ஓய்ந்தபின் வண்டி தடக் தடக்கென்று சீராக ஓடும்போது, இதுவரை வாய் திறக்காத கீழ்வீட்டுப் பெரியவர் ஆர்.சி. புத்தகத்தைக் கேட்கிறார். பதிவு 15 ஆண்டுகளில் முடிந்து வெகுநாளாயிற்று. புதுப்பிக்க வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ரோட்டில் ஓட்டிப் போகப் பதிவு வேண்டும். ஒன்றை ஒன்று சார்ந்து நிற்கும் இந்தக் குற்றத்துக்கு நியாய நூலார் வைத்த பெயர் அந்யோந்யாசிரயம். மணிமேகலையின் 33-இல் இது சேர்த்தி இல்லை.