சுண்டைக்காய்க்கு ஒரு லாரி

கோ மொழியில் ஒரு குட்டி சர்வீஸ் எழுதியிருக்கிறீர்கள். யார் தட்டினாலும் "நலம்" என்று சொல்லும், அவ்வளவுதான். கம்பைல் பண்ணினால் பைனரி 10 எம்பிகூடத் தேறாது. இதை ஒரு ஜிபி கண்டெய்னர் இமேஜாக வளர்த்தெடுக்க முடியுமா? மனமிருந்தால் முடியும்.

பேஸ் இமேஜில் கஞ்சத்தனம் கூடாது. முழு கோலாங் இமேஜையே எடுங்கள். கம்பைலர், கிட், ஜிசிசி, டெபியனின் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் சேர்ந்து 800 எம்பியை ஒட்டி வரும். கம்பைல் முடிந்தபின் கம்பைலர் எதற்கு என்று கேட்பவர்கள் விருந்தோம்பல் அறியாதவர்கள். சோற்றோடு கோட்டையடுப்பையும் இலையில் வைப்பதல்லவா பந்தி! ஒரு கட்டத்தில் சமைத்து, பைனரியை மட்டும் அடுத்த கட்டத்துக்கு எடுத்துப்போகும் மல்ட்டி ஸ்டேஜ் பில்டு 2017-லேயே டாக்கருக்கு வந்துவிட்டது. அந்தப் பக்கத்தைப் படித்துவிடாதீர்கள்.

அடுத்து, 'காப்பி புள்ளி புள்ளி'. டாக்கர்இக்னோர் கோப்பு இல்லாவிட்டால் கிட் வரலாறு, பழைய லாக், கடவுச்சொல் எழுதிய என்வ் கோப்பு எல்லாம் குடும்பத்தோடு ஏறிக்கொள்ளும்.

பிறகு அழியுங்கள். ஆம், அழிப்பதுதான் இந்தக் கலையின் உச்சம். ஒரு ரன் வரியில் பொட்டலங்களை இறக்குங்கள், அடுத்த ரன் வரியில் ஆர்எம் போடுங்கள். ஒவ்வொரு வரியும் தனி லேயர். கீழே உள்ளதை மேலே உள்ளது மறைக்குமே தவிர நீக்காது. பரணில் ஏற்றித் திரை போட்ட சாமான் மாதிரி. நான் முதல்முறை இப்படிப் பெருக்கித் துடைத்தபோது இமேஜ் ஒரு எம்பிகூடக் குறையவில்லை. 'அழித்த' கடவுச்சொல்லும் கீழ் லேயரில் பத்திரமாக இருக்கும், தோண்டுகிறவன் கையில் கிடைக்கும். இறக்குவதையும் அழிப்பதையும் ஒரே ரன் வரியில் கோத்துவிட்டால் மோசம், நிஜமாகவே இளைத்துவிடும்.

ஆல்பைன் இமேஜ் 10 எம்பிக்குள் அடங்குமே என்று யாராவது கிளம்பினால், அதன் சி லைப்ரரியான "மஸ்ல்" பெயரைச் சொல்லி மிரட்டுங்கள். இதில் கொஞ்சம் உண்மையும் உண்டு: டெபியன் போன்றவற்றின் சி லைப்ரரியான ஜிலிப்சிக்காகக் கட்டிய பைத்தான் பொட்டலங்கள் அங்கே ஓடாது. உங்களுடையது கோ என்பதை அப்போது ஞாபகப்படுத்த வேண்டாம். ஸ்க்ராட்ச் என்ற வெற்று இமேஜைச் சொன்னால், அதில் சான்றிதழ்கள் இல்லாததால் எச்டிடிபிஎஸ் அழைப்பு விழுந்த கதையை எடுத்துவிடுங்கள். சான்றிதழ்க் கோப்பு ஒன்றைக் காப்பி செய்தால் தீர்ந்துபோகும் விஷயம் அது, நாமாகச் சொல்வானேன்?

ஒரே ஆபத்து, டாக்கர் ஹிஸ்டரி என்ற கட்டளை. எந்த வரி எத்தனை எம்பி விழுங்கியது என்று வரிவரியாகக் கோள்மூட்டிவிடும். புதிதாகச் சேர்ந்த பையன் பக்கத்தில் இருக்கும்போது அதைத் தட்டாதீர்கள்.