ரமண நகரில் ஐந்நூற்றொன்றாவது யூனிட்

எண்பதுகளில் எங்கள் தெருவில் யார் வீட்டில் எத்தனை யூனிட் ஓடியது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மறைக்க வழியில்லை. மீட்டர் திண்ணைச் சுவரில் இருந்தது. பக்கத்திலேயே ஓர் ஆணியில் வெள்ளை அட்டை தொங்கியது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கிறவர் வருவார். "அம்மா, கார்டு" என்று குரல் கொடுத்துவிட்டு, தேதி, ரீடிங், யூனிட், தொகை எல்லாவற்றையும் அதில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் தெரு வந்து படிக்கும். ஒருமுறை எதிர் வீட்டு மாமி அட்டையைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்: "என்ன, நாத்தனார் குடும்பத்தோட வந்து தங்கிட்டுப் போனாளா? முப்பது யூனிட் ஏறியிருக்கே!" நாத்தனார் வந்துதான் போயிருந்தாள்.

அட்டை எழுதாத நாட்களில் அப்பா சக்கரத்தைப் படித்தார். பழைய மீட்டரில் கண்ணாடிக்குள் ஓர் அலுமினியத் தட்டு சுழலும். அதன் விளிம்பில் ஓர் அடையாளக் கோடு. கோடு ஒரு சுற்று வர எவ்வளவு நேரம் எடுக்கிறது என்பதை வைத்து, உள்ளே என்ன ஓடுகிறது என்று திண்ணையில் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். "யாருடா அயர்ன் பாக்ஸ் போட்டது?" என்ற குரல் கேட்டால் சட்டையை மடிக்க வேண்டியதுதான். ஆயிரம் வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்பதை நான் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. கசங்கிய சட்டையோடு பள்ளிக்கூடம் போய்க் கற்றேன்.

ரீடிங் எடுத்த பிறகு கெடுவுக்குள் பணம் கட்ட வேண்டும். அப்பா சைக்கிளில் போய், வரிசையில் நின்று, சரியான சில்லறை கொடுத்து, ரசீது வாங்கி வந்து கம்பியில் குத்துவார். தவறினவர்கள் வீட்டில் பீங்கான் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிக்கொண்டு போவார்கள். வீடு இருட்டாவதுகூடப் பெரிதில்லை. திண்ணையில் கட்டை இல்லாத அந்த ஓட்டையைத் தெருவே பார்க்கும். அதற்குப் பயந்தே எங்கள் தெருவில் கெடு தவறினவர்கள் குறைவு.

கார்த்திகை தீபம் நெருங்கினால் திருவண்ணாமலையில், ரமணாசிரமத்தை ஒட்டிய எங்கள் பகுதியில் சீசன். நவம்பரில் வருகிற வெளிநாட்டுக்காரர்கள் வெயில் ஏறத் தொடங்கும் மார்ச்சில் கிளம்புவார்கள். ஆசிரமத்தில் தங்க இடம் கிடைக்காதவர்களுக்காகச் செங்கம் சாலையை ஒட்டிய வீடுகளில் மாடிகள் முளைத்தன. எங்கள் வீட்டிலும் முளைத்தது. மாடிக்கு அப்பா ஒரு சப்-மீட்டர் போட்டார். ஊரே அத்வைதம் பேசும் தெருவில் மீட்டர் மட்டும் இரண்டு. கீழே எங்களுக்கு அரசாங்க ரேட்டு, படிப்படியாக ஏறும் ஸ்லாப். மாடிக்கு அப்பாவின் ரேட்டு. ஸ்லாப் கிடையாது, மானியம் கிடையாது, யூனிட்டுக்கு ஒரே தொகை, அதுவும் முழு ரூபாயில். இன்றும் தமிழ்நாட்டில் பல வீட்டு ஓனர்கள் இந்த மரபைக் கட்டிக் காக்கிறார்கள்.

மாடியில் வருடந்தோறும் வந்து தங்கிய ஓர் இங்கிலாந்துக்காரருக்கு எங்கள் அட்டை தீராத ஆச்சரியம். கம்பெனிக்குச் சேர வேண்டிய கணக்கை வீட்டு வாசலில், தெருவில் போகிறவர் எட்டும் உயரத்தில், நூல் கட்டித் தொங்கவிடுவதா! தன் ஊர் ஏற்பாட்டை அப்பாவுக்கு விளக்கினார். அங்கே வருடம் முழுவதும் எவ்வளவு எரியும் என்று கம்பெனியே ஒரு மதிப்புப் போட்டு, அதைப் பன்னிரண்டால் வகுத்து, மாதாமாதம் ஒரே தொகையை வங்கிக் கணக்கிலிருந்து தானே எடுத்துக்கொள்ளும். டைரக்ட் டெபிட். கோடையில் எரிவது குறைவு, அதனால் பணம் மிஞ்சி கம்பெனியிடம் நிற்கும். குளிர்காலத்தில் அது கரையும். தப்பாக எடுத்துவிட்டால் வங்கி திருப்பித் தந்துவிடும். கையெழுத்துப் போட்டதோடு சரி, அதன் பிறகு மறந்துவிடலாம்.

அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "அப்போ வெயில் காலம் பூரா அவனுக்கு நீங்க வட்டியில்லாம கடன் குடுக்கறீங்களா, சாமி?"

(எங்கள் ஊரில் யாரானாலும் சாமிதான். வாடகை பாக்கி வைத்தவரும்.)

அந்தக் கேள்வியின் அருமை 2021-ல் எனக்குப் புரிந்தது. எரிவாயு விலை எகிறியபோது பிரிட்டனில் இருபதுக்கும் மேற்பட்ட மின்சார, எரிவாயு கம்பெனிகள் மூடிக்கொண்டன. வாடிக்கையாளர்கள் முன்கூட்டிக் கட்டி நின்ற பணம் போய்விடாமல் அங்குள்ள ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம் காப்பாற்ற வேண்டியிருந்தது. அப்பா இருந்திருந்தால் ஒரு கனைப்போடு நிறுத்தியிருப்பார்.

இப்போது அட்டை இல்லை. சக்கரமும் இல்லை. மின்னணு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுக்குகிறது. அதிகம் ஓடினால் வேகமாக மினுக்கும், ஆனால் அதைப் படிக்கத் திண்ணையில் யாரும் இல்லை. 1957 ஜூலை 1-ல் பிறந்த மின்சார வாரியம் 2010 நவம்பரில் பிரிந்து டான்ஜெட்கோ ஆனது, 2024-ல் அதுவும் பிரிந்து மின் பகிர்மானக் கழகம் ஆனது. எங்கள் தெருவில் அது இன்னும் ஈ.பி.தான். வீட்டு இணைப்பும் இன்னும் தாத்தா பெயரில்தான். அவர் காலமாகி ஒரு தலைமுறை போய்விட்டது, மாதம் தவறாமல் ஃப்ரிட்ஜ் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இதனால் 2022 நவம்பரில், மின் இணைப்போடு ஆதாரைச் சேர்க்கச் சொன்னபோது ஒரு தத்துவச் சிக்கல் வந்தது. 1902 வாக்கில், சிவப்பிரகாசம் பிள்ளை என்ற ரெவின்யூ இலாகா ஊழியர் இந்த மலைக்கு வந்து, மௌனமாக இருந்த இளம் ரமணரிடம் "நான் யார்?" என்று கேட்டார். விடை ஒரு நூலாக வந்தது. நூற்றிருபது வருடம் கழித்து அதே கேள்வியை அரசாங்கம் எங்களைக் கேட்டது. விடையைத் திரையில் தொட்டால் போதும். உரிமையாளர், வாடகைதாரர், உரிமையாளர்தான் ஆனால் பெயர் மாற்றவில்லை. அம்மா மூன்றாவதைத் தொட்டு முக்தி அடைந்தார்.

பில் கட்டுவது தம்பி, பெங்களூரிலிருந்து. 2020-ல் யுபிஐ ஆட்டோபே வந்தது. 2021 அக்டோபரிலிருந்து, வங்கி அட்டை, யுபிஐ வழியாகத் தானாகப் போகும் பணத்துக்கு இருபத்துநாலு மணி நேரம் முன்பே தகவல் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இன்ன தொகை வரை எடுத்துக்கொள்ளலாம் என்று தம்பி ஒரு வரம்பு வைத்து ஒப்புதல் கொடுத்துவிட்டான். கரண்ட் ரமண நகரில் எரிகிறது. தகவல் பெங்களூருக்குப் போகிறது. அங்கே அது சாப்பாட்டு ஆர்டருக்கும் சலுகை விளம்பரத்துக்கும் நடுவில் வந்து விழுந்து, படிக்கப்படாமல் கிடக்கிறது. "எத்தனை யூனிட்டுடா?" என்று கேட்டேன். "ரூபாய் கேளு, சொல்றேன்" என்றான். பன்னிரண்டால் வகுத்த இங்கிலாந்துக்காரராவது தன் வருடக் கணக்கை அறிந்து வைத்திருந்தார்.

அட்டை காலத்துப் படிப்பு வீண்போகவில்லை என்பதற்கு ஒரு சாட்சி என் அத்தை. இன்றிரவு 9.30 மணிக்கு உங்கள் மின்சாரம் துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணைக் கூப்பிடவும் என்று ஒரு மோசடிக் குறுஞ்செய்தி நாடெங்கும் சுற்றியதே, அது அத்தைக்கும் வந்தது. படித்தவர்கள் பலர் பதறிப்போய்க் கூப்பிட்டுப் பணத்தை விட்டார்கள். அத்தை கூப்பிடவில்லை. "ஃபியூஸ் புடுங்கறவங்க ஆபீஸ் நேரத்துலதான வருவாங்க? ராத்திரி ஒம்பதரைக்கு எவன் ஏணி தூக்கிட்டு வருவான்?" என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

இத்தனை மாறியும் மாறாத ஒன்று உண்டு: இரண்டு மாதக் கணக்கு. அதில் இப்போது ஐந்நூறு என்று ஒரு கோடு. 2016 மே மாதத்திலிருந்து வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு முதல் நூறு யூனிட் இலவசம். அதற்கு மேல் எவ்வளவு என்பது, மொத்தம் ஐந்நூறைத் தாண்டினீர்களா என்பதைப் பொறுத்தது. தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் ரேட்டு ஏறும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கீழே உள்ள யூனிட்டுகளின் ரேட்டும் சேர்ந்து மாறும்.

2024 ஜூலை கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறுக்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட் 2 ரூபாய் 35 காசு, 400 வரை 4.70, ஐந்நூறு வரை 6.30. மொத்தம் 1,805 ரூபாய். ஒரே ஒரு யூனிட் கூடுதலாக ஓடினால் அந்த 2.35 ரேட்டு காணாமல் போகும், நூற்றொன்றிலிருந்தே 4.70. ஐந்நூற்றொன்றாவது யூனிட்டுக்கு 8.40. மொத்தம் 2,048 ரூபாய் 40 காசு. அதாவது அந்த ஒற்றை யூனிட்டின் விலை 243 ரூபாய். 2022 செப்டம்பருக்கு முன்பு இது இன்னும் அநியாயம். அன்று ஐந்நூறு யூனிட்டுக்கு 1,130 ரூபாய், ஐந்நூற்றொன்றுக்கு 1,786 ரூபாய் 60 காசு. ரீடிங் நாலு நாள் தள்ளி எடுக்கப்பட்டால் தமிழ்நாடு முழுக்க வீடுகளில் சண்டை வந்ததற்குக் காரணம் இதுதான்.

தீபத்துக்கு மாடியும் கீழும் நிறைந்த ஒரு வருடம் எங்கள் வீடு கோட்டைத் தாண்டியது. குளிருக்குக் கீசர், இத்தனை பேருக்கும் தண்ணீர் ஏற்ற மோட்டார். பணம் தம்பியின் வரம்புக்குள் அடங்கியதால் சத்தமில்லாமல் போய்விட்டது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று முப்பது யூனிட்டுக்கே தெரு கூடிக் கேட்டது. இன்று கேட்க மாமியும் இல்லை, பார்க்க அட்டையும் இல்லை.

ஆட்டோ டெபிட் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வரிசையில் நின்ற அப்பாவின் முழங்கால் அதற்கு எதிராகச் சாட்சி சொல்லாது. பணம் தானாகப் போகட்டும். யூனிட் மட்டும் கண்ணில் படட்டும். ரீடிங் எடுக்கும் தேதி கிட்டத்தட்ட எப்போதும் ஒன்றுதான். அதற்கு ஒரு வாரம் முன்னால் மீட்டரில் உள்ள எண்ணிலிருந்து போன பில்லின் எண்ணைக் கழித்துப் பாருங்கள். நானூற்றெண்பதுக்குப் பக்கத்தில் நின்றால், மேல் டேங்கை ரொப்புவதையும் கீசர் குளியலையும் ரீடிங் எடுத்த மறுநாளைக்குத் தள்ளி வையுங்கள்.